நெல்லுக்கும் மக்காச்சோளத்துக்கும் டிரைக்கோடெர்மா: விதை நேர்த்தியிலிருந்து அறுவடைத் தாள் வரை

நெல்லில் இலையுறைக் கருகல் தூரிலிருந்து மேலே ஏறிக் கண்ணில் பட்ட பிறகு டிரைக்கோடெர்மா வாங்க ஓடுவதில் பயன் மிகக் குறைவு. இது நோய் வந்த பின் தெளித்து நிறுத்தும் மருந்து கிடையாது. நோய்ப் பூஞ்சாணம் வருவதற்கு முன்பே விதையிலும் வேரிலும் மண்ணிலும் இடம் பிடித்திருக்க வேண்டிய இன்னொரு பூஞ்சாணம். உயிருள்ளது என்பதால் அதற்குக் காற்று, ஈரம், சாப்பாடு எல்லாம் வேண்டும். "போட்டுப் பார்த்தேன், ஒன்றும் கேட்கவில்லை" என்று சொல்லும் வயல்களில் பெரும்பாலும் போட்ட காலமோ போட்ட இடமோ தவறியிருக்கும். அதனால் அளவுகளோடு எப்போது, எங்கே என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

எந்த நோய்க்கு உதவும், எதற்கு உதவாது

மண்ணிலும் விதையிலும் தங்கி வரும் பூஞ்சாண நோய்கள்தான் இதன் களம். நெல்லில் நாற்றழுகல், இலையுறைக் கருகல், நாற்று வெளிறி நெடுநெடுவென்று வளர்ந்து சாகும் பக்கானே நோய், விதை வழியே பரவும் செம்புள்ளி ஆகியவற்றில் பலன் எதிர்பார்க்கலாம். மக்காச்சோளத்திலும் சோளத்திலும் பூத்த பிறகு தண்டு உள்ளே கருத்துச் சாயும் கரித்தண்டு அழுகலுக்கு உதவும்.

குலை நோயின் வித்துகள் காற்றில் வந்து இலையிலும் கதிர்க் கழுத்திலும் இறங்குகின்றன. மண்ணில் போட்ட டிரைக்கோடெர்மா அதை நேரடியாகத் தடுக்காது, பயிரின் எதிர்ப்புத் திறனைக் கொஞ்சம் கூட்டலாம், அவ்வளவுதான். பாக்டீரியா இலைக்கருகலுக்கும் துங்ரோ என்ற வைரஸ் நோய்க்கும் இதை நம்பி இருக்க வேண்டாம். கம்பு, மக்காச்சோளத்தில் வரும் அடிச்சாம்பல் நோய்க்கும் இது போதாது, அதற்கு எதிர்ப்புத் திறன் உள்ள ரகமும் தனி விதை நேர்த்தியும் வேண்டும்.

கடையில் பக்கத்திலேயே அடுக்கியிருக்கும் பிவேரியாவும் மெட்டாரைசியமும் பூஞ்சாணங்கள்தான். ஆனால் அவை பூச்சிகளைக் கொல்பவை, நோய்க்குப் பயன்படாது. சூடோமோனாஸ் ஒரு பாக்டீரியா, அதன் வேலையும் அளவும் வேறு. பெயர் தெரியாமல் "ஒரு உயிர் உரம் குடுங்க" என்று கேட்டு வாங்குவதுதான் பல ஏமாற்றங்களுக்குத் தொடக்கம்.

என்ன செய்கிறது

1932இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ரிச்சர்ட் வைண்ட்லிங் என்ற ஆய்வாளர், டிரைக்கோடெர்மா மற்ற மண் பூஞ்சாணங்களைத் தாக்கி உண்கிறது என்று எழுதினார். அவர் எலுமிச்சை வகை நாற்றுகளில் கவனித்த எதிரி ரைசோக்டோனியா சொலானி. நம் நெல்லில் இலையுறைக் கருகலை உண்டாக்குவதும் அதே ரைசோக்டோனியா சொலானிதான்.

டிரைக்கோடெர்மாவின் இழைகள் எதிரிப் பூஞ்சாணத்தின் இழைகளைச் சுற்றிக்கொண்டு, அதன் செல்சுவரைக் கரைக்கும் நொதிகளைச் சுரக்கின்றன. வேரைச் சுற்றியிருக்கும் உணவையும் இடத்தையும் முந்திப் பிடித்துக்கொள்கின்றன. எதிரியை அடக்கும் வேதிப்பொருட்களையும் வெளியிடுகின்றன. அவற்றில் ஒன்றுக்குத் தேங்காய் வாசனை உண்டு, சில வகைகளை வளர்த்த தட்டைத் திறந்தால் அது தெளிவாக மூக்கில் ஏறும். வேரில் குடியேறியபின் செடியின் சொந்த எதிர்ப்பையும் தூண்டிவிடுகிறது. ஆனால் இவை எல்லாமே எதிரிக்கு முன்னால் அது அங்கே இருந்தால்தான் நடக்கும்.

வாங்கும்போது

வட்டார வேளாண்மை விரிவாக்க மையம், வேளாண் அறிவியல் நிலையம், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஆகிய இடங்களில் கிடைக்கும். தனியார் கடையில் வாங்கினால் பாக்கெட்டில் பூச்சிக்கொல்லிச் சட்டப் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். விரிடி, ஹார்சியானம், அஸ்பெரெல்லம் என்று டிரைக்கோடெர்மாவின் எந்த வகைப் பெயர் இருந்தாலும் இங்கே சொல்லும் முறைகள் பொருந்தும். டால்க் பவுடரில் கலந்த தூளில் ஒரு கிராமுக்குக் குறைந்தது 20 லட்சம் உயிருள்ள வித்துகள் இருக்க வேண்டும் என்பது விதி.

நான் விலையைவிட உற்பத்தித் தேதியைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். டால்க் தூளில் உயிர் எண்ணிக்கை மாதா மாதம் இறங்கிக்கொண்டே போகும். தயாரித்து மூன்று நான்கு மாதங்களுக்குள் பயன்படுத்திவிடுவது நல்லது. தகரக் கூரைக்கு அடியில் சித்திரை வெயிலில் கிடந்த பாக்கெட்டில் தேதி மிச்சம் இருந்தாலும் உயிர் மிச்சம் இருக்காது. 25 முதல் 30 டிகிரி வெப்பம்தான் அதற்கு உகந்தது. வாங்கி வந்தபின் வீட்டுக்குள் நிழலான, குளிர்ந்த இடத்தில் வையுங்கள். யூரியா மூட்டை மேலோ மருந்துப் பாட்டில்களோடோ வைக்காதீர்கள்.

சந்தேகம் இருந்தால் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். உப்பில்லாமல் குழையாமல் வேகவைத்த சோற்றை ஆறவைத்து, சுடுநீரில் கழுவிய இரண்டு கிண்ணங்களில் வையுங்கள். ஒன்றில் சிட்டிகைத் தூளைத் தூவுங்கள், மற்றதை அப்படியே விடுங்கள். இரண்டையும் மூடி நிழலில் வையுங்கள். தூவிய கிண்ணத்தில் இரண்டு மூன்று நாளில் வெள்ளை இழைகள் படர்ந்து, நான்கைந்து நாளில் பச்சை நிறமானால் தூளில் உயிர் இருக்கிறது. கறுப்பு, ஆரஞ்சு, கொழகொழப்பு என்று வந்தால் அது வேறு ஏதோ. தூவாத கிண்ணத்திலும் அதே பச்சை வந்தால் இந்தச் சோதனை செல்லாது, வேறு பச்சைப் பூஞ்சாணங்களும் உண்டு. இது கரடுமுரடான சோதனைதான், ஆனால் முற்றிலும் செத்த சரக்கைக் கண்டுபிடித்துவிடும்.

விதை நேர்த்தி

செலவு குறைவு, பலன் அதிகம் என்றால் இந்தப் படிதான். பொதுவான பரிந்துரை கிலோ விதைக்கு 4 கிராம். நெல்லுக்கு 5 முதல் 10 கிராம் வரை சொல்கிறார்கள், பாக்கெட்டில் உள்ள அளவைப் பின்பற்றுங்கள். ஏக்கருக்கு 25 கிலோ விதை நெல் என்றால் 10 கிராம் கணக்கில் கால் கிலோ தூள் போதும்.

நடவு நெல்லுக்கு வரிசை முக்கியம். உப்புக் கரைசலில் போட்டுப் பதரை நீக்குபவர்கள் முதலில் அதை முடித்து, விதையை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிவிடுங்கள். பிறகு வழக்கம்போல் ஊறவையுங்கள். ஊறவைக்கும் தண்ணீரில் தூளைக் கொட்டினால் பாதி தண்ணீரோடு வடிந்து போய்விடும். அதனால் தண்ணீரை வடித்து, விதை ஈரமாக இருக்கும்போது தூளைத் தூவி, எல்லா விதையிலும் ஒட்டும்படி கையால் புரட்டுங்கள். அப்புறம் ஈரச் சாக்கில் கட்டி மூட்டம் போடுங்கள். முளை கட்டும் அந்த ஒரு நாளில் பூஞ்சாணமும் முளைவிட்டு விதையோடு ஒட்டிக்கொள்ளும். மூட்டம் அதிகச் சூடாகாமல் நடுவில் ஒருமுறை கிளறித் தண்ணீர் தெளியுங்கள்.

ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் புழுதியில் விதைப்பவர்களுக்கு இது இன்னும் பொருத்தம். அங்கே மண் தண்ணீரில் மூழ்காமல் காற்றோட்டமாக இருப்பதால் டிரைக்கோடெர்மாவுக்குப் பிடித்த சூழல். ஆறிய அரிசிக் கஞ்சியில் தூளைக் குழைத்து விதையில் பூசி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி விதைக்கலாம். வெயிலில் காயவைக்கவே கூடாது. நேர்த்தி செய்த விதையை அன்றே விதைத்துவிடுங்கள், மழை வரட்டும் என்று மூட்டையில் வைத்துக் காத்திருந்தால் செய்த வேலை வீண்.

பாஸ்மதி விளையும் பஞ்சாபில் பக்கானே பெரிய தொல்லை. அங்குள்ள வேளாண் பல்கலைக்கழகம் கிலோ விதைக்கு 15 கிராம் என்று நேர்த்தி செய்வதோடு, பறித்த நாற்றின் வேரை லிட்டருக்கு 15 கிராம் கலந்த கரைசலில் 6 மணி நேரம் ஊறவைத்து நடவும் சொல்கிறது. போன பருவத்தில் நாற்றங்காலில் வெளிறிய நெட்டை நாற்றுகளைப் பார்த்தவர்கள் இந்த இரண்டையும் சேர்த்தே செய்யலாம்.

தொழு உரத்தில் பெருக்குதல்

என் கணிப்பில் முழுப் பணியின் மையம் இதுதான். ஒரு கிலோ தூளை ஒரு ஏக்கரில் அப்படியே வீசினால், மண்ணில் ஏற்கெனவே இருக்கும் கோடிக்கணக்கான உயிர்களுக்கு நடுவில் அது தாக்குப்பிடிப்பது கடினம். உணவோடு, ஏற்கெனவே வளர்ந்த நிலையில் போய்ச் சேர்ந்தால் கதை வேறு.

நன்றாக மக்கிய தொழு உரம் 90 கிலோ, வேப்பம் புண்ணாக்கு 10 கிலோ, டிரைக்கோடெர்மா 1 முதல் 2 கிலோ எடுத்துக்கொள்ளுங்கள். புண்ணாக்கு இல்லாவிட்டால் 100 கிலோ தொழு உரம் மட்டும் போதும். உரம் மக்கியதாக இருப்பது கட்டாயம். பச்சைச் சாணமும் அரைகுறையாக மக்கிய குப்பையும் உள்ளே கொதித்துச் சூடேறும், அந்தச் சூட்டில் வித்துகள் செத்துவிடும். குவியலுக்குள் கையை விட்டால் வெதுவெதுப்பாக இருந்தால் அந்த உரம் இன்னும் தயாராகவில்லை.

மரத்தடியில் அல்லது கொட்டகையில், மழை நீர் தேங்காத இடத்தில் உரத்தை முக்கால் அடி உயரத்துக்குப் பரப்புங்கள். தண்ணீர் தெளித்து ஈரமாக்குங்கள். ஒரு பிடி எடுத்து அழுத்தினால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் சொட்டக் கூடாது. அடுக்கடுக்காகத் தூளைத் தூவிக் கலந்து, ஈரச் சாக்கால் மூடுங்கள். பிளாஸ்டிக் தாளால் மூடுவோரும் உண்டு. நான் சாக்கையே பரிந்துரைப்பேன், காற்றும் போகும், சூடும் தங்காது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை கிளறி, காய்ந்திருந்தால் தண்ணீர் தெளியுங்கள். ஒரு வாரத்தில் வெள்ளையாகப் பூத்து, அங்கங்கே பச்சை படரத் தொடங்கும். 10 முதல் 15 நாளில் வயலுக்குத் தயார். அழுகிய நாற்றம் அடித்தால் ஈரம் அதிகமாகிவிட்டது என்று அர்த்தம், அதை விரித்து ஆறவிடுங்கள்.

சிலர் 200 லிட்டர் டிரம்மில் வெல்லக் கரைசலில் இதைப் பெருக்குகிறார்கள். காற்றுப் புகாத இனிப்புத் தண்ணீரில் பாக்டீரியாவும் ஈஸ்ட்டும்தான் வேகமாக வளரும். டிரம்மில் நுரை வருவதைப் பார்த்து டிரைக்கோடெர்மா பெருகிவிட்டது என்று நம்ப முடியாது. தொழு உரம் மெதுவானது, ஆனால் நம்பத் தக்கது.

உரத்தைக் கிளறும்போதும் பரப்பும்போதும் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள். பச்சைத் தூள் பறக்கும். ஆஸ்துமா உள்ளவர்களும், நோய் எதிர்ப்புத் திறன் குறைந்து சிகிச்சையில் இருப்பவர்களும் இந்த வேலையை வேறொருவரிடம் கொடுத்துவிடட்டும். வீட்டில் காளான் வளர்ப்பவர்கள் இருந்தால் உரக் குவியலையும் பாக்கெட்டையும் காளான் கொட்டகைப் பக்கமே கொண்டு போகாதீர்கள். காளான் படுக்கையில் வரும் பச்சைப் பூசணம் பெரும்பாலும் டிரைக்கோடெர்மா வகையேதான்.

நாற்றங்காலிலும் நடவு வயலிலும்

பாய் நாற்றங்கால் போடுபவர்கள் மண்ணோடு கலக்கும் மக்கிய உரத்துக்குப் பதிலாக இந்த உரத்தைப் பயன்படுத்தலாம். இடம் சிறியது, உரம் குறைவாகவே ஆகும், வேர் முழுவதும் அதில்தான் வளரும். பெருக்கிய உரம் ஏக்கர் முழுவதுக்கும் போதாது என்றால் முதலில் நாற்றங்காலுக்குக் கொடுங்கள்.

நடவு வயலில்தான் சிக்கல். டிரைக்கோடெர்மா காற்று தேவைப்படும் உயிர். எப்போதும் தண்ணீர் நிற்கும் வயலின் சேற்றுக்குள் காற்று கிடையாது. தொழி உழவில் தண்ணீர் தளும்பும்போது உரத்தை வீசினால் அது மிதந்து வடிமடை வழியே அடுத்த வயலுக்குப் போய்விடும். கடைசித் தொழி முடிந்து தண்ணீர் வடிந்து சேறு மட்டும் தெரியும் நிலையில், மாலை நேரத்தில், ஏக்கருக்கு 100 கிலோ உரத்தைச் சீராகப் பரப்பி மட்டப்பலகை ஓட்டுங்கள். அடுத்த நாள் நடலாம்.

அதன்பிறகு காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டுங்கள். நாற்று பச்சை பிடித்தபின், தண்ணீர் மறைந்து மண்ணில் மயிரிழை வெடிப்பு தெரியும்போது மறுபடி பாய்ச்சுங்கள். ஒற்றை நாற்று நடவில் இதையே செய்கிறோம். ஒவ்வொரு காய்ச்சலிலும் வேர்ப் பகுதிக்குக் காற்று போகும், டிரைக்கோடெர்மாவும் வேலை செய்யும். பூக்கும் சமயத்தில் மட்டும் வயலைக் காயவிடாதீர்கள். வடிகால் வசதியே இல்லாத பள்ளக்கால் வயல் என்றால் மண்ணில் போடுவதில் பணத்தைச் செலவழிக்க வேண்டாம், விதை நேர்த்தியோடும் வேர் நனைப்போடும் நிறுத்திக்கொள்ளுங்கள்.

இலையுறைக் கருகல் எப்படி வருகிறது என்று தெரிந்தால் இந்தப் படிகளுக்குக் காரணமும் புரியும். அந்தப் பூஞ்சாணம் கடுகளவு பழுப்பு முடிச்சுகளாக மண்ணிலும், அறுத்தபின் வயலில் நிற்கும் பழைய தாளிலும் தூங்குகிறது. தொழி அடிக்கும்போது முடிச்சுகள் மிதந்து, தூரில் நீர்மட்டம் தொடும் இடத்தில் ஒட்டி முளைக்கின்றன. அதனால்தான் முதல் புள்ளி எப்போதும் நீர்மட்டத்தை ஒட்டியே தெரியும். தொழி உழவன்று காற்று ஒதுக்கும் மூலையில் சேரும் நுரையையும் குப்பையையும் துணியால் அரித்து எடுத்து வயலுக்கு வெளியே புதைத்துவிடுங்கள். காசில்லாத வேலை, செய்பவர்கள்தான் குறைவு.

தூர்கட்டும் பருவத்தில் போன ஆண்டு நோய் கண்ட வயலுக்கு ஒருமுறை தெளிக்கலாம். பெரும்பாலும் லிட்டருக்கு 5 முதல் 10 கிராம். டால்க் தூள் தெளிப்பான் முனையை அடைக்கும், முந்தைய நாளே கரைத்து வைக்காமல் அன்றே கரைத்து மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். வெயில் தாழ்ந்தபின், இலை நுனியில் அல்ல, தூரின் அடிப்பகுதி நனையும்படி தெளியுங்கள். நெருக்கமாக நட்டு யூரியாவை அள்ளிப் போட்ட வயலில் இதெல்லாம் செய்தும் கருகல் ஏறும். தழைச்சத்தைப் பிரித்துக் கொடுப்பதும், குத்துக்கு இடைவெளி விடுவதும் டிரைக்கோடெர்மாவுக்குச் சமமான நோய்த் தடுப்பு என்றே நான் நினைக்கிறேன்.

மற்ற மருந்துகளோடு

கார்பன்டாசிம் என்ற பூஞ்சாணக்கொல்லி டிரைக்கோடெர்மாவைக் கொன்றுவிடும். ஹெக்சகோனசோல், புரோபிகோனசோல், டெபுகோனசோல் போன்றவையும் அப்படித்தான். திரம், தாமிர மருந்துகள் அளவைப் பொறுத்துக் கெடுக்கும். கார்பன்டாசிமில் நேர்த்தி செய்த விதைக்கு மேல் டிரைக்கோடெர்மா பூசுவது இரண்டு செலவு, ஒரு பலன். இரண்டில் ஒன்றை முடிவு செய்யுங்கள்.

அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா போன்ற உயிர் உரங்களோடு சேர்த்துப் போடலாம். சூடோமோனாஸோடு கலப்பதில் கொஞ்சம் கவனம் வேண்டும், சில வகைகள் ஒன்றையொன்று அடக்கும். நெல்லில் விதைக்கு ஒன்று, வயலுக்கு ஒன்று என்று பிரித்துக் கொடுத்தால் அந்தச் சிக்கல் இல்லை. சாம்பல், சுண்ணாம்பு, ரசாயன உரம் எதோடும் கலந்து வீச வேண்டாம்.

நடுவில் நோய் மீறிப் போனால் பூஞ்சாணக்கொல்லி அடிக்கத் தயங்காதீர்கள், மகசூல் முக்கியம். ஆனால் அதே வாரத்தில் டிரைக்கோடெர்மாவும் போட்டு இரண்டும் சேர்ந்து காப்பாற்றும் என்று எண்ண வேண்டாம்.

மக்காச்சோளமும் சோளமும்

பெரம்பலூர், அரியலூர் மாதிரி மானாவாரிக் கரிசலில் மக்காச்சோளம் போடுபவர்கள் முதலில் விதைப் பையைப் பாருங்கள். வீரிய ஒட்டு விதை பெரும்பாலும் சிவப்போ இளஞ்சிவப்போ பூசி, பூஞ்சாணக்கொல்லி நேர்த்தி செய்தே வருகிறது. அதன்மேல் டிரைக்கோடெர்மா பூசுவதைவிட மண் வழியே போவது நல்லது. விதைத்த 30ஆம் நாள், மண்ணில் ஈரம் இருக்கும்போது, ஏக்கருக்கு 1 கிலோ தூளைக் குறைந்தது 20 கிலோ மக்கிய உரத்தில் பத்து நாள் முன்பே கலந்து வைத்து, செடியின் அடியில் இட்டு மண் அணையுங்கள்.

கரித்தண்டு அழுகலை உண்டாக்கும் மேக்ரோபோமினா வெயிலையும் வறட்சியையும் விரும்பும், டிரைக்கோடெர்மா ஈரத்தை விரும்பும். பூக்கும் நேரத்தில் நிலம் காய்ந்து கிடந்தால் யார் ஜெயிப்பார் என்று சொல்லத் தேவையில்லை. ஒரே ஒரு தண்ணீர் விட முடியும் என்றால் அதைப் பூக்கும் சமயத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். சாம்பல் சத்தைக் குறைக்காதீர்கள், குறைந்தால் தண்டு இன்னும் எளிதில் சாயும்.

மக்காச்சோளத்தில் பூஞ்சாணத்தைப் பூஞ்சாணத்தால் அடக்கிய பெரிய எடுத்துக்காட்டு ஆப்பிரிக்காவில் இருக்கிறது. 2004இல் கென்யாவில் பூசணம் பிடித்த மக்காச்சோளத்தில் இருந்த அஃப்ளாடாக்சின் நஞ்சால் 317 பேர் பாதிக்கப்பட்டு 125 பேர் இறந்தார்கள். அந்த நஞ்சை உண்டாக்கும் ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் பூஞ்சாணத்திலேயே நஞ்சு சுரக்காத வகைகள் உண்டு. நைஜீரியாவைத் தலைமையிடமாகக் கொண்ட பன்னாட்டு வெப்பமண்டல வேளாண் நிறுவனம் அப்படிப்பட்ட உள்ளூர் வகைகளைத் தேர்ந்து, உயிர் நீக்கிய சோளத்தின் மேல் பூசி 'அஃப்ளாசேஃப்' என்று கொண்டுவந்தது. பூப்பதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பு ஹெக்டேருக்கு 10 கிலோ வீசினால் நல்ல வகை முந்திக்கொண்டு நஞ்சு வகைக்கு இடம் விடாது. ஆள் மாறினாலும் முந்தி இடம் பிடிப்பதுதான் அங்கேயும் வழி.

பலனை அளப்பது

முதல் பருவத்தில் வயல் முழுவதும் போடாமல் ஒரு பாத்தியை விட்டுவிடுங்கள். தண்ணீர், உரம், நடவு நாள் எல்லாம் ஒன்றாகவே இருக்கட்டும். நாற்றங்காலில் வேரைக் கழுவி ஒப்பிட்டுப் பாருங்கள். தூர்கட்டும் போதும் கதிர் வெளிவரும் போதும் இரண்டு பக்கமும் 50 குத்துகளில் எத்தனையில் கருகல் இருக்கிறது, தூரிலிருந்து எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நோய் வராத ஆண்டில் இரண்டு பாத்தியும் ஒரே மாதிரிதான் இருக்கும், அதை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம். நோய் வந்த ஆண்டில்கூட முற்றிலும் இல்லாமல் போவதை எதிர்பார்க்காதீர்கள், குறைவாகவும் தாமதமாகவும் வந்தாலே ஒரு தெளிப்பு மிச்சமாகும்.

அறுவடைக்குப் பிறகு

அடுத்த பருவத்தின் நோய் இந்தத் தாளில்தான் இருக்கிறது. எரித்தால் மண்ணின் மேற்பரப்பில் இருக்கும் நல்ல உயிர்களும் சேர்ந்தே போகும். ஈரம் இருக்கும்போது, ஏக்கருக்கு 1 கிலோ டிரைக்கோடெர்மாவைச் சாணக் கரைசலில் கலந்து தாள் மேல் தெளித்து மடக்கி உழுங்கள். தாள் மக்குவதோடு, முடிச்சுகளின் மேலும் டிரைக்கோடெர்மா ஏறி அவற்றைத் தின்னும். தண்ணீர் இல்லாத வயலில் இருப்பதால் இந்த இடைக்காலத்தில்தான் அதற்குப் போதிய காற்றும் கிடைக்கிறது.

டெல்டாவில் சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே உளுந்தோ பச்சைப் பயறோ தெளிப்பவர்களுக்கு உழவு செய்ய வாய்ப்பில்லை. அவர்கள் பயறு விதைக்குக் கிலோவுக்கு 4 கிராம் கணக்கில் நேர்த்தி செய்துவிடுங்கள். பயறின் வேரழுகலை உண்டாக்குவதும் அதே மேக்ரோபோமினாதான், ரைசோக்டோனியாவும் பயறு வகைகளைத் தாக்கும். தாளைத் தொட முடியாவிட்டாலும் பயறின் வேரோடு டிரைக்கோடெர்மா அந்த வயலில் தங்கியிருக்கும், குறுவைக்கு நாற்றங்கால் போடும்போது மறுபடி விதை நேர்த்தியிலிருந்து தொடங்கலாம்.